இரண்டாம் சிடியில் ஏழாவது

மார்ச் 3

அன்புள்ள டேப்பு,

பழைய ரெக்கார்டு உசத்தியா, இப்போது வந்திருக்கும் விரிவான பதிப்பு உசத்தியா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. பத்திரிகையில் மாதம் தவறாமல் இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இந்த ஒரு படத்தின் இசைக்கு மட்டும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

தெரிந்ததைச் சொல்கிறேன். நாம் வீட்டில் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட ரெக்கார்டில் இருந்தது முப்பத்தாறு நிமிஷம். படத்துக்கு வாசித்ததை அப்படியே போடாமல், பெரிய குழுவை வைத்து ரெக்கார்டுக்கென்றே மறுபடி வாசித்தார்கள். எது முதலில், எது கடைசியில், எது வேண்டாம் என்பதெல்லாம் இசையமைப்பாளரின் முடிவு. புதியதில் படத்துக்கு வாசித்த அசல் நாடாக்கள், படத்தின் வரிசையிலேயே, இரண்டு சிடியாக. முதல் சிடி கேட்டு முடித்தேன். வயலின்கள் குறைவு, ஆனால் யாரோ நாற்காலியை நகர்த்துவது வரை கேட்கிறது. தொடங்கியவுடன் அறுந்துபோகும் துண்டுகளையும் விடவில்லை. விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று குப்பைக்கூடையைத் திறந்து காட்டுவது மாதிரி. அட்டையில் ‘முழுமையானது’ என்று போட்டுவிட்டால் முழுமையாகிவிடுமா?

இரண்டாம் சிடியை இன்னும் போடவில்லை. நீ இத்தனை வருஷமாகக் காத்திருக்கும் ரயில் நிலையக் காட்சி அதில்தான், ஏழாவதாக. படத்தில் வசனமும் எஞ்சின் சத்தமும் சேர்ந்து மூடிவிட்ட அந்தக் கிளாரினெட்.

விமர்சனத்துக்கென்று சிடி கம்பெனி இரண்டு பெட்டி அனுப்பியிருந்தது. வெளியாவதற்கு முன் யாருக்கும் தரக்கூடாது என்று ஒரு சீட்டும். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு பெட்டியை உனக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். “அந்தப் பெட்டி வரட்டும்க்கா, கேட்டுட்டு ஆபரேஷனுக்குப் போறேன்” என்று சொல்லியிருந்தாய். இதோ வருகிறது. கேள். போ.

டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். உன் வலது காது சின்ன வயதிலேயே காய்ச்சலோடு போய்விட்டது. இடது காதுக்குப் பின்னால் கட்டி. எடுத்தால் அந்தக் காதும் போகும்; எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவாய். தள்ளிப்போடாதீர்கள் என்றார். உன்னைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பில்லை. கெஞ்சத்தான் முடியும். அதுவும் எனக்குச் சரியாக வராது என்பது உனக்குத் தெரியும்.

போன் ஏன் எடுப்பதில்லை?

அக்கா


மார்ச் 9

நீதிபதி அம்மாவின் சமூகத்துக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. கோபிக்காதே அக்கா, போன் தண்ணீர் வாளியில் விழுந்து உயிரை விட்டது. புதிது வாங்க அவசரமில்லை. அதனால்தானே உன் கையெழுத்தைப் பார்க்க முடிந்தது. இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கிறது.

இரண்டு சிடியும் கேட்டேன். ஏழாவதைத் திரும்பத் திரும்பப் போட்டேன். பழைய ரெக்கார்டில் அந்த இடத்தில் வயலின்களைக் குடம் குடமாகக் கொட்டி இரண்டு நிமிஷத்தில் ஆளை அனுப்பிவிடுவார்கள். இதில் முழுசாக நாலு நிமிஷம், கிளாரினெட் தனியாக. வாசிப்பவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. நீ பத்திரிகையில் எழுதும்போது அந்த மூச்சை விட்டுவிடாதே.

ஆபரேஷனுக்கு ஒரு இரண்டு மாதம் கொடு. முன்பெல்லாம் செய்தோமே, அதே மாதிரி ஒவ்வொன்றாகப் பழையதோடு ஒப்பிட்டு எழுதுகிறேன். அவசரமாகக் கேட்பது கேட்டதில் சேர்த்தியில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

கண்ணாடிக் கடை எப்போதும்போல் இருக்கிறது. லென்ஸ் தேய்க்கிற மிஷினுக்கு முதலாளி ஒரு வழியாக எண்ணெய் விட்டுவிட்டார் போல. ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது, இப்போது பரம சாது. போன வாரம் மாடிப்படியில் கொஞ்சம் சறுக்கிவிட்டது. புதுச் செருப்பு.

நீ அலைந்துகொண்டு வர வேண்டாம். எழுது. நீ நிறைய எழுதினால் எனக்கு நன்றாக இருக்கிறது.

இன்னும் அறுந்துபோகாத,
டேப்பு


மார்ச் 14

டேப்பு,

நேற்று மாலை இரண்டாம் சிடியைப் போட்டேன். ஆறாவது முடிந்தது. ஏழு என்று எண் விழுந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன். பின்னால் போய் ஒயரை அசைத்துப் பார்த்தேன். மீதி நிமிஷங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாவது, கூட்டின ஒலியில் பேயடித்த மாதிரி தொடங்கியது.

கம்பெனிக்குப் போன் செய்தேன். “சாரி மேடம், முன்கூட்டி அனுப்பின பெட்டி எல்லாத்துலயும் ஏழாவது காலி. அடிக்கிறப்பவே விட்டுப்போச்சு. வேற அனுப்புறோம்” என்றார் அங்கிருந்தவர்.

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்தான் மேடம். கேட்டவங்க அத்தனை பேரும் திட்டித் தீர்த்துட்டாங்க.”

உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். பெட்டிக்குள் இருக்கும் சிறு புத்தகத்தில், ஏழாவதைப் பற்றிய குறிப்பில், அந்த மூச்சு இருக்கிறது; கிட்டத்தட்ட உன் வார்த்தைகளிலேயே. சாதுவாகிப்போன மிஷின். வாளியில் விழுந்த போன்.

காது எப்போது போயிற்று? பெட்டி வருவதற்கு முன்பேவா?

எனக்குக் கோபமில்லை. திரும்பி வந்துவிடும் என்று காத்திருக்கிறாயா? வரும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இனி இழக்க ஒன்றுமில்லை என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அந்தக் காதுக்காகத்தானே தள்ளிப்போட்டாய். அது போன பிறகு எதற்காகத் தள்ளுகிறாய்? படியில் உன்னைச் சறுக்கவைத்தது செருப்பு இல்லை, அந்தக் கட்டி.

எனக்கு வேறு யாரும் இல்லை. இந்த வரியை ஒருமுறை எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நாளை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். மணி அடித்தாலும் தட்டினாலும் உனக்குக் கேட்காது. கதவுக்கு அடியில் செருகுவேன். கீழே பார்.

அக்கா


மார்ச் 15, ஆஸ்பத்திரி

டேப்பு,

“இன்னிக்கு யார் யார் என்ன சொன்னாங்கன்னு எழுதிக் குடு. ஒண்ணையும் விடாத” என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். எழுதுகிறேன்.

காலையில் கடிதத்தைச் செருகினேன். பாதி உள்ளே, பாதி வெளியே. பக்கத்து வீட்டம்மா எட்டிப்பார்த்து, “எவ்வளவு தட்டினாலும் தெறக்க மாட்டாருங்க. எதிர்ல வந்து பேசினாக்கூடச் சிரிச்சிட்டுப் போயிடுறாரு. திமிருன்னு நெனச்சேன்” என்றார். நான் படியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. நீ உள்ளே விழுந்து கிடக்கிறாய் என்று முடிவே செய்துவிட்டேன். “கதவை உடைக்க யாராவது கெடைப்பாங்களா?” என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது கடிதம் உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகும் நீ திறக்கவில்லை. அந்தச் சிறு புத்தகம்தான் வெளியே வந்தது. பின்னட்டையில் பென்சிலால், “அந்த நாலு நிமிஷத்தில் உனக்கு என்ன கேட்டது?” என்று எழுதியிருந்தாய். “ஃபிரிட்ஜ். மேல்வீட்டில் கட்டிலை நகர்த்தினார்கள். வேறொன்றுமில்லை” என்று எழுதி உள்ளே தள்ளினேன். கதவு திறந்தது. நான் வாயே திறக்கவில்லை. “கத்தாதக்கா, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க” என்று நீதான் கத்தினாய்.

டாக்டர் சொன்னது: “முன்னாடியே வந்திருக்கணும். இனிமே தள்ள முடியாது. நாளைக்குக் காலையில வச்சுக்கலாம். முகத்துல ஒரு பக்கம் அசையாமப் போகலாம். முழுங்கறது கஷ்டமாகலாம். எந்திரிச்சு வருவார்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்.”

அவர் என்ன சொல்கிறார் என்று நீ என் தோளைத் தட்டிக் கேட்டாய். ‘சரியாகிவிடும் என்கிறார்’ என்று எழுதிக் காட்டினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் நீ ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டாய்.

மேலே இருப்பதுதான் அவர் சொன்னது முழுக்க. நீ கேட்ட விரிவான பதிப்பு இதுதான். படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. சொன்னால் உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அக்கா


மார்ச் 16

இதே தாளில் தொடர்கிறேன்.

மேலே உள்ளதை நீ இரண்டு முறை படித்தாய். மடித்து என்னிடமே கொடுத்தாய். “பழைய ரெக்கார்டே நல்லா இருந்துதுக்கா” என்றாய். நேற்றிலிருந்து நீ கத்தாமல் பேசியது அந்த ஒன்றுதான். பிறகு தள்ளுவண்டியில் நீயாகவே ஏறிப் படுத்தாய்.

மாலையில் டாக்டர் வெளியே வந்தார். “மூச்சுக்கு வச்சிருந்த குழாயை எடுத்துட்டோம்” என்றார். வேறு எதுவும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம் என்றார்.

என்னை உள்ளே விட்டார்கள். உன் முகத்தின் இடது பக்கம் அசையவில்லை. குனிந்தேன். மூச்சு வாங்குவது கேட்டது.