நானூற்றுப் பதினேழு

அன்பு மகளுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு அது போதும். இங்கே நான் சுகம். சுகம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆனாலும் கடிதம் என்றால் முதலில் சுகத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும் என்பார் உன் அப்பா, அதனால் எழுதிவிட்டேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தையல் மிஷின் பெல்ட் அறுந்து போய் எதிர் வீட்டு டிரைவர் புதிதாக வாங்கிப் போட்டுக் கொடுத்தார், குளியலறைக் குழாய் சொட்டுவதையும் அவரே சரிசெய்தார், காசு கொடுத்தால் கோபித்துக்கொள்கிறார், அதனால் அவருடைய பேன்ட் எல்லாவற்றையும் சும்மா தைத்துக் கொடுக்கிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த போட்டோ பார்த்தேன், அப்படியே உன் அண்ணன்தான், அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் எழுதப்போவதைப் போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் ஆரம்பித்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், பிறகு இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதுதான் பேனாவை எடுத்தேன்.

போலீஸ் நினைவு நாள் எப்படி நடந்தது என்று நீ கேட்டபோது நல்லபடியாக நடந்தது என்று சொல்லி வைத்தேன். நடந்தது வேறு. நீ போன பிறகு அதை நடத்தும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் மைதானத்து நினைவுக் கல்லில் பேர் இருக்கிறவர்களுக்கு, அதாவது வேலையில் இருக்கும்போதே செத்துப்போனவர்களுக்கு மட்டும்தான் மாலை, மரியாதை எல்லாம். ரிட்டயர் ஆகி வீட்டுக் கட்டிலில் செத்தவர்களை யாரும் நினைக்க மாட்டார்கள். அப்பாவோடு வேலைக்குச் சேர்ந்த மீசைக்காரர் மாமாதான் இதற்காக நாலைந்து அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். ஏதோ ஆபரேஷனுக்காக மீசையை எடுத்தது திரும்பச் சரியாக முளைக்கவே இல்லை, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அந்த மொட்டை உதட்டை வைத்துக்கொண்டே, "வயசெல்லாம் ரோட்டுல நின்னு தேஞ்சவன் வீட்டுல போய் செத்தா அவன் போலீஸ் இல்லையா சார்" என்று எல்லோரிடமும் கேட்டாராம். இப்போது முதலில் கல்லில் இருப்பவர்கள், பிறகு ரிட்டயர் ஆகிப் போனவர்கள் என்று எல்லோரையும் கூப்பிடுகிறார்கள். ஸ்டேஷனில் தினமும் காலையில் ஆஜர் எடுக்கும் ரைட்டர்தான் அன்றைக்கும் கூப்பிடுவார். கல்லில் இருக்கிறவர்களுக்கு நம்பரும் பேரும் சொல்வார். ரிட்டயர் ஆனவர்களுக்குப் பேர் மட்டும்தான், அவர்கள் நம்பர் வேறு ஆளுக்குப் போயிருக்கும் அல்லவா. கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆள் ஒருவர் எழுந்து, இறந்தவருக்காக "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். வீட்டு ஆள் யாரும் இல்லையென்றால் கூட வேலை பார்த்தவர் யாராவது சொல்வார்.

உன் அண்ணனுக்கு அப்பாதான் சொல்லிக்கொண்டிருந்தார். நானூற்றுப் பதினேழு என்று கூப்பிட்டதும் பழைய போலீஸ்காரராக விறைத்து நின்று சொல்வார், சொல்லிவிட்டு உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொள்வார். அந்த நம்பர் முதலில் அவருடையதுதானே. அவர் ரிட்டயர் ஆகி ஒப்படைத்ததை உன் அண்ணன் வேலைக்குச் சேர்ந்ததும் ரைட்டரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டு வந்தான். "வேற நம்பரே கெடைக்கலையாடா உனக்கு" என்று அப்பா எரிந்து விழுந்தார், அப்புறம் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து அந்தத் தோள்பட்டை வில்லையைப் பற்பசை போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நீதான் பற்பசை காலி என்று கத்தினாய், ஞாபகம் இருக்கிறதா. அந்த வில்லையோடுதான் உன் அண்ணன் மழையில் நெடுஞ்சாலைக்குப் போனான், கவிழ்ந்த காருக்குள் இருந்தவர்களை வெளியே எடுக்கும்வரை கையில் டார்ச்சோடு வண்டிகளை நிறுத்திக்கொண்டு நின்றான், விளக்கில்லாத லாரி ஒன்று நிற்காமல் வந்தது. இதை நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. கை தானாக எழுதிவிட்டது.

இந்த வருஷம் அப்பாவும் இல்லை. அண்ணனுக்கும் நான் சொல்ல வேண்டும், அப்பாவுக்கும் நான் சொல்ல வேண்டும். ஒரு வாரமாகச் சமையலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது. மைதானத்தில் முன் வரிசையில் என்னை உட்கார வைத்தார்கள், பக்கத்தில் மீசைக்காரர் மாமா. ரைட்டர் நானூற்றுப் பதினேழு என்று சொல்லி உன் அண்ணன் பேரைச் சொன்னார். எழுந்துவிட்டேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. காற்றுதான் வருகிறது. மைதானமே காத்திருக்கிறது. ரைட்டரும் பாவம், என்ன செய்வார், காலையில் பதில் வராவிட்டால் செய்கிற மாதிரியே நம்பரை மட்டும் இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார். சொன்ன அடுத்த நொடி, பின்னால் அணிவகுத்து நின்ற கூட்டத்திலிருந்து "உள்ளேன் ஐயா" என்று ஒரு பெண் குரல், கணீரென்று.

திரும்பிப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பெண், வாயைக் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறாள், முகம் வெளுத்துவிட்டது. அந்த நம்பரை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியவே தெரியாது. என் பிள்ளை பேருக்கு இன்னொருத்தி பதில் சொல்கிறாளே என்று உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ரைட்டர் தடுமாறி அடுத்த பேருக்குப் போய்விட்டார். பிறகு ரிட்டயர் ஆனவர்கள் முறை வந்தது, அப்பா பேரைக் கூப்பிட்டார். எழுந்தேன், இந்தத் தடவை சத்தம் வந்தது, ஆனால் என்ன வந்தது தெரியுமா, "இருக்கார்" என்று சொல்லிவிட்டேன். எத்தனை வருஷம், எந்நேரமும் கதவைத் தட்டி அவர் பேரைக் கேட்பார்கள், நானும் அடுப்படியிலிருந்தே "இருக்கார், வாங்க" என்பேன், அதே வாய்தானே. யாரோ லேசாகச் சிரித்தார்கள், அப்புறம் பார்த்தால் மீசைக்காரர் மாமா குலுங்கிக் குலுங்கி அழுகிறார். என்னால் அழவும் முடியவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நிற்கிறாள், உள்ளே வர மாட்டேன் என்கிறாள். "தெரியாம வாயில வந்துருச்சும்மா, காலையில ரெண்டாந்தடவ கூப்பிட வச்சா ரைட்டர் ஐயா உரிச்சு எடுத்துருவாரு, அந்தப் பயத்துலயே பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அழுதாள். நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது, அவளுக்குச் சட்டை தோளில் தொளதொளவென்று இறங்கிக் கிடக்கிறது, நம்பர் வில்லை கையை நோக்கிச் சரிந்து தொங்குகிறது. ஆண்களுக்குத் தைத்த அளவை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள் கடன்காரர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வா, சட்டையைக் கழற்று என்று என்னுடைய மேல்சட்டை ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தேன். சட்டைத் தோளைப் பிரித்து அளவாகப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கும்போது, சும்மா இருக்க முடியாமல் அவளாகவே சொன்னாள். உன் அப்பா தினமும் காலையில் ஸ்டேஷன் மதிலுக்கு வெளியே வந்து நிற்பாராம். முதலில் இவளுக்கு அவர் யாரென்றே தெரியாதாம். "நான் உள்ளேன் ஐயான்னு சொன்னதும் தலைய ஆட்டிட்டுக் கெளம்பிடுவாரும்மா, அப்புறம் ஒருநாள் கூப்பிட்டு, கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, வெளியில கேக்க மாட்டேங்குதுன்னாரு, அன்னையிலேர்ந்து நான் கத்தித்தாம்மா சொல்றது" என்றாள். மிஷினை நிறுத்திவிட்டேன். பேப்பர் வாங்கப் போகிறேன், நடந்தால் சர்க்கரை குறையும் என்று சொல்லிவிட்டுத்தான் அந்த மனுஷன் தினமும் கிளம்புவார். மழையில்கூடப் போவார், பேப்பர் நனைந்து வரும், நான் திட்டுவேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பார். சொல்லியிருந்தால் நானும் கூடப் போயிருப்பேனே.

அந்த வாரமே பெரிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்தார், நல்ல மனிதர்தான், எழுந்து நின்று பேசினார். நீங்கள் விரும்பினால் அந்த நம்பரை இனி யாருக்கும் கொடுக்காமல் மூடிவிடுகிறோம், அந்தப் பெண்ணுக்கு வேறு நம்பர் போட்டுவிடலாம், குடும்பத்தோடு யோசித்துச் சொல்லுங்கள் என்றார். உனக்குப் போன் செய்ததும் அதற்குத்தான், நம்பரை மூடலாமா என்று மட்டும் கேட்டேன், அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. நீ ஒரே பிடியாக, "மூடிடச் சொல்லும்மா, அந்த நம்பர் நம்ம வீட்ட முழுங்குனது போதும், இன்னொரு வீட்டுக்குப் போக வேணாம்" என்றாய். நீ சொன்னது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மறுநாள் விடிந்ததும் கால் தானாக ஸ்டேஷன் பக்கம் போனது. மதிலில் ஒரு இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, அவர் சாய்ந்து நின்ற இடமாகத்தான் இருக்க வேண்டும், நானும் அங்கேயே சாய்ந்துகொண்டேன். உள்ளே ரைட்டர் கூப்பிடுகிறார். நானூற்றுப் பதினாறு, ஒருவன் முனகுகிறான். நானூற்றுப் பதினேழு. "உள்ளேன் ஐயா" என்று அவள் கத்துகிறாள், தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உன் அப்பா செத்தபோது வராத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. அப்புறம் தினமும் போகிறேன்.

இன்று காலையும் போனேன். நானூற்றுப் பதினாறு சொன்னான். நானூற்றுப் பதினேழு என்றார், பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார், அப்போதும் இல்லை. ராத்திரி முழுக்க மழை வேறு. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை, செருப்பு ஒன்று வழியிலேயே கழன்றுவிட்டது, அப்படியே மதிலைச் சுற்றிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு ஓடி, காவலுக்கு நின்றவன் கையைப் பிடித்து உலுக்கி, அவளுக்கு என்ன ஆச்சு, சொல்லு, சொல்லு என்று கேட்கிறேன். அவன் பயந்துபோய், "ஒண்ணுமில்லம்மா, லீவும்மா, அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருக்கு, ரைட்டர் மறந்துபோய்க் கூப்பிட்டாரு" என்று நாற்காலி கொண்டு வந்து போட்டான். அக்கா கல்யாணத்துக்குப் போயிருக்கிறாளாம். உயிர் போய் உயிர் வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போதுதான் ஒன்று புரிந்தது. நம்பரை மூடிவிட்டால் பதினாறுக்கு அடுத்து பதினெட்டு என்று போய்விடுவார்கள். நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட யாரும் நிற்க மாட்டார்கள். கல்லில் பேர் இருக்கும், அது வருஷத்துக்கு ஒரு நாள். இது தினமும். அதனால் மூட வேண்டாம், அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும் என்று அங்கிருந்தே போய் அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. உனக்கு இருக்கும் பயம் எனக்கும் இருக்கிறது. அவளுக்கு ஒன்றும் வரக்கூடாது என்று இனி தினமும் அந்த மதிலடியில் நின்று வேண்டிக்கொள்ளப் போகிறேன், என்னால் முடிந்தது அதுதான்.

அடுத்த வருஷம் நினைவு நாளுக்கு நீ வர வேண்டும். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், தப்பாகச் சொன்னாலும் அவருக்குப் புரியும். அண்ணனுக்கு நீ சொல். அவனுக்கு என்னால் முடியாது, அன்றைக்கே தெரிந்துவிட்டது. லீவு கிடைக்காது, டிக்கெட் விலை என்றெல்லாம் ஆரம்பிக்காதே. மாப்பிள்ளைக்கு இருமல் என்றாயே, ஏசியை நேராக முகத்தில் விட வேண்டாம் என்று சொல். ராத்திரி வேலை முடிந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வராதே, மழையென்றால் காத்திருந்து வா. குட்டியின் விழுந்த பல்லைத் தூக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வை, எனக்குப் பார்க்க வேண்டும். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு, ஒரு குறையும் இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது, அப்புறம் பேசுகிறேன், வேலையாக இருக்கிறேன் என்று எதைச் சொல்வதானாலும் பிறகு சொல். முதலில் இருக்கேம்மா என்று சொல். கொஞ்சம் சத்தமாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்
அம்மா