சிப் கம்பெனிகள் சேராத கதை

அன்பு மகள் சிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஒரே அறையில் இல்லை, அவ்வளவுதான். நீ வேளைக்குச் சாப்பிட்டு இழுத்துப் போர்த்தித் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். சலூனில் பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்துகொண்டு, நீ வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சிப் கம்பெனியும் இன்னொரு பெரிய சிப் கம்பெனியும் ஒன்றாக இணையப் போகின்றன என்று அறிவித்தவன் நான்தான். பேப்பரில் ‘பேச்சு நடப்பதாகத் தெரிகிறது’ என்று போட்டிருந்தார்கள். நிஜமா இருக்குமாண்ணே என்று சலூன்காரர் பொதுவாகத்தான் கேட்டார். எனக்கு நாக்கு அரித்தது. முந்தின வாரம் போனில் நீ, ஆபீஸ் விஷயம் மட்டும் இப்ப கேக்காதீங்கப்பா என்றாயே, அதற்குக் கண், காது, மூக்கு வைத்துவிட்டேன். ரகசியம் இல்லாவிட்டால் பிள்ளை ஏன் அப்படிச் சொல்கிறாள்? உன் பெயரைச் சொல்லவில்லை. உள்ளே நம்ம ஆள் இருக்கு என்று கண்ணடித்ததோடு சரி. எனக்கு ஒரே மகள் என்பது அங்கே கத்தரிக்கோலுக்குக்கூடத் தெரியும்.

அதன்பிறகு மருந்துக்கடைக்காரர் எனக்கு நாற்காலி போட ஆரம்பித்தார். மாடி வீட்டு டீச்சர் படியில் மறித்து, வாங்கின ஷேரை எப்ப விக்கணும்னு மட்டும் சொல்லிடுங்க சார் என்றார். நானும் ஏதோ அந்தக் கம்பெனியைப் பெற்றெடுத்தவன் மாதிரி, பொறுங்க பொறுங்க என்றேன். ஷேர் ஏறியது. ஏன் ஏறுகிறது என்றால் எல்லோரும் வாங்குகிறார்கள் என்றார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்றால் அதான் ஏறுதே என்றார்கள். இதில் உன் மாமாவும் விழுந்துவிட்டான். காலமெல்லாம் அடுத்தவன் பஸ்ஸை ஓட்டியவன், ஓய்வுக்குப் பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்க வைத்திருந்ததை அப்படியே போட்டுவிட்டான். அத்தான் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று பணத்தைப் போட்ட பிறகுதான் அம்மாவிடம் சொன்னானாம். என் பேச்சை நம்பிய ஒரே பிறவி.

போன செவ்வாய்க்கிழமை இரண்டு கம்பெனியும் அப்படியொரு பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டன. ஷேர் தரையில். டீச்சர் என்னைக் கண்டால் கூரையில் ஒட்டடை பார்க்கிறார். மாமா வந்தான். திட்டுவான் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன். விடுங்க அத்தான், வேன் வாங்கினா டீசல் வேற போடணும் என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் தேவலை. பழைய பஸ் முதலாளியிடமே திரும்ப வேலை கேட்டிருக்கிறான். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சோறு உள்ளே போகிறது, உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மா பேசினாலும் கேஸ் தீர்ந்துபோச்சு என்கிற அளவுக்குத்தான்.

மாமா இன்னும் விற்கவில்லை. உன் ஆபீஸில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுது. சொல்லக்கூடாத விஷயம் என்றால் சொல்லாதே, பொறுக்கலாமா விற்கலாமா என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானும் மாமாவும் காத்திருக்கிறோம்.

வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொள். மாமாவுக்கு மறக்காமல் ஒரு போன் போடு. எங்கே இருந்தாலும் நல்லா இரு, மகளே.

இப்படிக்கு,
வாய் மட்டும் வளர்ந்த உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது அம்மா வாயைத் திறந்தாள். என்னிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று நீயும் அவளும் சேர்ந்து மறைத்தீர்களாமே. நீ அந்தக் கம்பெனியை விட்டு ஆறு மாதம் ஆகிறதாம்.