தூக்கிக் கட்டிய புகைபோக்கி

அண்ணே, நேற்று நகராட்சி ஆட்கள் வந்து என் பொரிப் பட்டறையின் புகைபோக்கியை அறுத்து இறக்கிவிட்டார்கள். நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான். ஊருக்குள் இனி உமியோ விறகோ எரிக்கக் கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். மற்ற பட்டறைகளும் மாறிவிட்டன. குப்பைமேட்டிலும் இப்போது தீ வைப்பதில்லை. காற்று தேவலையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அறுத்த குழாய் தெருவில் கிடந்தது. உள்ளே விரல்கனத்துக்குக் கரி. அந்த ரப்பர் நாற்றம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம்.

எதிரே உங்கள் தையல் கடை. பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டைகளைத் தைத்துக் கொடியில் மாட்டுவீர்கள். என் புகை அதில் புள்ளி வைக்கும். ஒருநாள் ஒரு சட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் போட்டீர்கள்.

“என்னாடா இது? சட்டையா, எள்ளுருண்டையா?”

“உமிப் புகைதாண்ணே. தட்டினா போயிடும்ங்க.”

“உமி எரிச்சா டயர் நாத்தம் ஏன்டா வருது? என் மூக்கு என்ன அவிஞ்சா போச்சு?”

உமி விலை ஏறிய நாட்களில் பழைய டயரை நறுக்கிப் போட்டேன். காரிமங்கலம் சந்தையில் மூட்டை தூக்கி மேலே வந்தவன் நான். எதில் மிச்சம் என்பதுதான் முதலில் கண்ணில் படும். நீங்கள் நகராட்சியில் மனு கொடுத்தீர்கள். புகையைக் குறைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. நான் குறைக்கவில்லை. குழாயை இரண்டு மாடி உயரத்துக்குத் தூக்கிக் கட்டினேன். உங்கள் சட்டைகள் வெளுத்தன. “செயிச்சிட்டன்டா உன்ன!” என்று தெருவே கேட்கச் சிரித்தீர்கள்.

ஆனாலும் உங்களைப் பிடித்திருந்த இருமல் விடவில்லை. கடையை மூடிவிட்டு, காற்றாட இருக்கலாமென்று அண்ணியோடு பின்தெருவில் மகள் வீட்டு மாடிக்குப் போனீர்கள். பார்க்க வந்தேன். மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் படுத்திருந்த உங்களுக்குத் தெரியவில்லை; சன்னலோரம் நின்ற எனக்குத் தெரிந்தது. என் குழாய்ப் புகை வளைந்து, நேராக உங்கள் மாடியில் இறங்கியது.

“குப்பமேட்டுல கொளுத்தறானுங்கடா. இங்கயும் நிம்மதியா வுட மாட்டேங்கறானுங்க,” என்றீர்கள், மூச்சு வாங்க.

“ஆமாங்கண்ணே,” என்றேன்.

அன்றைக்கே அடுப்பை அணைத்திருக்கலாம். ஆயுதபூஜை நெருங்கிக்கொண்டிருந்தது, பொரிக்காரனுக்கு அதுதான் அறுவடை. பூஜை முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். டாக்டர் என்ன காரணம் எழுதினாரோ, உண்மைக் காரணம் எனக்குத் தெரியும்.

இன்று காலை உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். உள்ளேயிருந்து அண்ணி, “யாரு வந்திருக்கறது?” என்று குரல் கொடுத்தார். மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்கம்மா உங்கள அப்பாவோட கூடப்பொறந்தவராட்டம் நெனச்சிட்டிருக்காங்க. இது அவங்க காதுக்குப் போகக் கூடாது. நீங்க வர்றதயும் நிறுத்தக் கூடாது. அப்பாவப் பத்தி அவங்க பேசறத உக்காந்து கேக்கணும்.”

“எப்பப்பம்மா வரணும்?”

“ஞாயித்துக்கெழம.”

ஒத்துக்கொண்டேன், அண்ணே. ஞாயிறு தவறாமல், அண்ணி உயிரோடு இருக்கும்வரை.