உறை இல்லாமல் வந்த ஓட்டு

பெல்வாட்டர், பென்சில்வேனியா
நவம்பர் 30

அன்பு மகள் கொரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒரு நோயும் இல்லாமல் இருக்கிறோம், குளிர் வந்ததும் அப்பாவுக்கு முழங்கால் மட்டும் பிடித்துக்கொண்டது. லீட்ஸில் நீயும் கேரத்தும் சின்னவளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், வேறு என்ன செய்ய, மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லையே. கடிதமென்றால் நீ எடுக்காவிட்டாலும் தபால்காரர் கதவுக்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

நன்றி நாள் விருந்துக்கு லாய்ட் மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். இந்த வீட்டுக்குள் அரசியல் பேசக்கூடாது என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டேன். வான்கோழி முடிகிற வரை பாவம் தாங்கினார். பூசணி இனிப்பு மேஜைக்கு வந்ததும் ஓட்டு எண்ணுகிறவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று ஆரம்பித்தார். நான் கையில் கத்தியோடு நிற்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக ஓட்டு எண்ணுகிற மேஜையில் உட்காருகிறவள். "ஏண்ணே, திருடி கையால வெட்டின துண்டு உனக்கு வேணுமா வேண்டாமா?" என்று கேட்டேன். "உன்னச் சொல்லலம்மா, மத்தவங்களச் சொன்னேன்" என்கிறார். எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் கொரின். தனக்குத் தெரிந்த ஆள் யோக்கியர், தெரியாத ஆளெல்லாம் கள்ளர். இரண்டு வருஷமாக டிவியைத் திறந்தால் ஒருவரை ஒருவர் பேய் என்று காட்டும் விளம்பரம்தான், தபால் பெட்டி நிறைய அதே பேய்களின் படம், தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகவில்லை, அடுத்த தடவை யார் நிற்பார் என்று தொடங்கிவிட்டார்கள். சர்ச்சில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் ஞாயிறுகளில் இப்போது இரண்டு மேஜை, யார் எந்த மேஜை என்று யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கேயும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கேரத் சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா. "ஒரு பிரதமர் பேரைப் பழகறதுக்குள்ள அடுத்தவர் வந்துடறார் அத்தை, எங்களை ஒருத்தரும் கேக்கறதில்ல. எங்க தொகுதியில ஜெயிச்சவருக்கு மூணுல ஒரு பங்கு ஓட்டுகூட விழல." அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால், உங்கள் ஊரில் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், எங்கள் ஊரில் நாலு வருஷத்துக்கு அசைக்க முடியாது, ஆனால் இரண்டு இடத்திலும் சாதாரண ஜனம் நம்மை யார் கேட்டார்கள் என்றுதான் உட்கார்ந்திருக்கிறது. நம்மைக் கேட்ட ஒரே கேள்வி இந்தத் தடவை நம் ஊர்க் கேள்விதான், தீயணைப்பு நிலையத்தை வைத்துக்கொள்ள ஒரு சின்ன வரி போடலாமா வேண்டாமா என்பது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன், இவ்வளவு சுற்றிவிட்டேன்.

உன் ஓட்டு தள்ளப்பட்டது என்று தேர்தல் அலுவலகத்திலிருந்து உனக்குச் செய்தி வந்த அன்று போனில் கேட்டாய், "நீதானே அந்த மேஜையில இருந்த? உன் கையாலயா தள்ளின?" என்று. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். ஆமாம், என் கையால்தான். தேர்தல் நாள் காலையில் தபால் ஓட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம், வழக்கம்போல மேஜைக்கு இரண்டு பேர், கட்சிக்கு ஒருவர். என் எதிரே மெர்ல், உன்னைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிப் போன அதே மெர்ல், அவர் அந்தக் கட்சி நான் இந்தக் கட்சி. வெளி உறையில் பெயர், உள் உறையில் ஓட்டு, பெயரும் ஓட்டும் ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாது, அதற்காகத்தான் இரண்டு உறை. உள் உறை இல்லாவிட்டால் அந்த ஓட்டு ஒதுக்கப்படும், சட்டம் அப்படி. அன்று அப்படிப் பத்து வந்தன, பதினோராவது உன்னுடையது. அவசரத்தில் உள் உறையை உன் சமையலறை மேஜையிலேயே விட்டிருப்பாய் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, சின்ன வயதில் டிபனை வைத்துவிட்டுப் பையை மட்டும் எடுத்துப் போவாயே. மெர்ல் பெயரைப் பார்த்தார். பக்கத்தில் கட்டாக இருந்த வெற்று உறைகளில் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "போட்டுடு ஆர்லீன். நம்ம கொரின். நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். நல்ல மனுஷர், நிஜமாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் அந்த உறையைக் கையில் எடுத்தேன். ஆனால் அதற்குமுன் தள்ளிய பத்தில் ஒன்று நம் தெருக்கோடி எட்னாவுடையது, எண்பத்தாறு வயசு, கண் சரியாகத் தெரியாது. எட்னாவுக்கு ஜன்னல் பக்கம் திரும்ப யாரும் இல்லை. "திரும்பு மெர்ல், கையெழுத்துப் போடு" என்றேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு உன்னுடையதைப் பத்தின் மேல் வைத்தோம். லாய்ட் மாமா சொல்கிற திருட்டை நான் செய்திருந்தால் அது உனக்காகத்தான் இருந்திருக்கும், செய்யவில்லை.

முடிவு உனக்குத் தெரியும். வேண்டும் என்று 412, வேண்டாம் என்று 412. சமமாக வந்தால் தோல்வி. ஜனவரியோடு நிலையத்தை மூடுகிறார்கள், இனிமேல் தீப்பிடித்தால் பதினாலு மைல் தள்ளியிருந்து வண்டி வரவேண்டும். அப்பா முப்பத்தொரு வருஷம் சம்பளமில்லாமல் தீயணைக்க ஓடிய இடம். மறுநாள் போய்த் தன் பூட்ஸை எடுத்து வந்து கராஜில் வைத்தார். போன கிறிஸ்துமஸில் நீங்கள் இருவரும் ஜனாதிபதிப் பேச்சில் ஆரம்பித்து, கடைசியில் நீ, "உங்க ஸ்டேஷனையும் சேத்து மூடினாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்" என்று சொன்னாயே, அதிலிருந்து உன்னோடு பேசாதவர், உன் ஓட்டு செல்லாமல் போனது என்று என் மூலம் கேள்விப்பட்டதும் என்ன சொன்னார் தெரியுமா? "நல்லதாப் போச்சு. எண்ணியிருந்தா எம் பொண்ணு ஓட்டாலயே தோத்தேன்னு ஆயிருக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்புறம் பாத்திரம் கழுவுகிறேன் என்று எழுந்து போய் வெகு நேரம் குழாயைத் திறந்து விட்டிருந்தார், கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

இனி நான் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். உன் ஓட்டுச் சீட்டு தப்பாக மடிக்கப்பட்டிருந்தது, உறையிலிருந்து எடுத்ததும் அந்தக் கேள்விப் பக்கம்தான் விரிந்தது. நான் பார்த்திருக்கக்கூடாது, பார்த்துவிட்டேன். வேண்டும் என்ற வட்டத்தைக் கறுப்பு மையில் அழுத்தி நிரப்பியிருந்தாய். வெளிநாட்டில் இருப்பவர்களில், திரும்பி வரும் எண்ணம் உண்டு என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் ஊர்க் கேள்வி உள்ள சீட்டு வரும் என்பதும் எனக்குத் தெரியும். மறுநாள் 412க்கு 412 என்று கேட்டதும் குளியலறையில் போய் அழுதேன். சரியானதைத்தான் செய்தேன், இன்னொரு தடவை வந்தாலும் அதையேதான் செய்வேன், அதற்காக வலிக்காமல் இல்லை. உன் அப்பாவுக்கு இது தெரியாது. யார் ஓட்டையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தவள் நான், தினமும் அந்த மனுஷன் எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், உன் மேல் கோபப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை என்று தெரிந்துகொண்டே.

சின்னவளுக்குக் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன், அளவு சரியா என்று கேரத்தைப் பார்க்கச் சொல். மூவரும் நோய் நொடி இல்லாமல், மனசில் ஒன்றையும் சுமக்காமல் நன்றாக இருக்கவேண்டும், ஆண்டவர் உங்கள் கூடவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணிக்கு, உனக்கு மாலை ஆறு, அப்பா வீட்டில் இருப்பார், நான் எட்னா வீட்டுக்குப் போய்விடுவேன். என்னைக் கூப்பிடவேண்டாம், அவரைக் கூப்பிடு. சத்தியம் செய்தது நான்தான், நீ இல்லை.

உன் அம்மா,
ஆர்லீன்