குடத்தில் பொடி எழுத்து

ஐப்பசி, வெள்ளி இரவு.

பக்கத்துத் தெரு அய்யாச்சாமி அண்ணனும் அவர் தம்பி குருசாமியும் தங்கள் அக்கா மகள் சடங்குக்குச் சீர் வைக்க ஒரு பித்தளைக் குடம் வாங்கினார்கள். பாத்திரத்துக்குப் பேர் வெட்டும் என் கடைக்கு அதைக் கொண்டுவந்தவர் அண்ணன்தான். “எம்பேரு பெருசா இருக்கட்டும் தாயி. அவன் பேரைக் கீழ பொடிசாப் போடு” என்றார். அரிசி அளவு எழுத்தில் அழகாகத்தான் வெட்டினேன்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். குருசாமி குடத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தான். “யக்கா, நானும் தாய்மாமன்தான? சபையில எம்பேரு எவன் கண்ணுக்குத் தெரியும்?” என்று என்மேல் பாய்ந்தான்.

“அண்ணந்தான் இப்படிப் போடச் சொன்னாக” என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

“ஆமாலே, நாந்தான் சொன்னேன். ஒனக்கு அம்புட்டுப் போதும்” என்றார் அண்ணன்.

குடம் அவர் மண்டையில் இறங்கியது. மறுபடியும் இறங்கியது. அவர் என் பேர் வெட்டும் மிஷின்மேலேயே சரிந்தார். தெருவில் நின்ற பட்டாசுக் கம்பெனி வேனில் சிவகாசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். இன்னும் தகவல் இல்லை. குருசாமி ஓடிவிட்டான்.

குடம் இங்கேதான் கிடக்கிறது. அண்ணன் பேர் இருந்த இடம் நசுங்கிவிட்டது. புளி போட்டுத் தேய்த்தும் கீழே பொடி எழுத்தின் வெட்டுக்குள் இறங்கிய ரத்தம் போகவில்லை. குருசாமி பேர் இப்போது வாசலில் நின்றாலே தெரிகிறது.