பேராதனையை முதலில் எழுதினேன்

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து வந்தும் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தொடவில்லை. படிக்கப்போவது சட்டம், அதில் மாற்றமில்லை. ஆனால் எந்தக் கெம்பஸை முதல் விருப்பமாகப் போடுவது? என் பரீட்சைப் புள்ளிக்குக் கொழும்பே கிடைக்கும் என்கிறார் பள்ளிக்கூடத்து நிரஞ்சன் சேர்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்தம் செய்ய வாரத்தில் இரண்டு தடவை கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நான்தான் கூட்டிப்போகிறேன். அப்பாவுக்குத் தேயிலை மலையில் வேலை. கொழும்புக்குப் போய்விட்டால் யார் கூட்டிப்போவது? பேராதனை என்றால் கண்டி பக்கத்திலேயே.

ஜூன் 12

அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

"எனக்காகவா பேராதன? நான் இன்னும் எத்தன நாளைக்குப் புள்ள இருக்கப்போறேன்? நீ கொழும்புக்கே போ."

"அப்படிப் பேசாதீங்கம்மா."

"பின்ன எப்படிப் பேசச் சொல்ற?"

தோட்டத்தில் அம்மாவை வேலையை விட்டு நிறுத்தியபோது அம்மா ஹட்டனில் வழக்குப் போட்டார். நான் அப்போது ஏழாம் வகுப்பு, கூடப் போயிருந்தேன். அம்மா அழுதழுது நடந்ததையெல்லாம் சொன்னார். அதை மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்தார். வெளியே வந்ததும் அம்மா கேட்டது: "நான் அவ்வளவு பேசினேனே, மத்ததெல்லாம் எங்க போச்சு?"

அன்று முடிவெடுத்ததுதான் சட்டம்.

ஜூன் 13

அம்மா என்னோடு பேசவில்லை.

ஜூன் 15

அன்டன் அண்ணன் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையிலிருந்து போன் எடுத்தான். "என் ரூமுக்குப் பக்கத்துல தங்குறதுக்குப் போடிங் இருக்கு, அனுஷ்கா. நீ வா."

"அம்மாவ யாரு கூட்டிட்டுப் போறது?"

"பார்க்கலாம்" என்று போனை வைத்தான்.

எனக்குக் கொழும்பு வேணாமா? வேணும். ரொம்ப வேணும். இங்கே மட்டும்தான் அதை எழுத முடியும்.

ஜூன் 20

அனுப்பிவிட்டேன். பேராதனை முதலில், கொழும்பு அடுத்தது. சொன்னதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா மட்டும், "தேத்தண்ணி ஊத்து புள்ள" என்றார்.

ஜூலை 28

காய்ச்சல் விடவில்லை. அம்மாவைக் கண்டியிலேயே வார்ட்டில் சேர்த்து மறித்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் தலவாக்கலை சண்முகவடிவு அக்கா, அவருக்கும் அதே சிறுநீரக வருத்தம். நான் இல்லாத நேரம் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுப்பது அவர்தான்.

ஆகஸ்ட் 2

அம்மா போயிட்டாங்க.

ஆகஸ்ட் 20

விடியுமுன் எழும்பி, தலை சீவி, பையை எடுத்துக்கொண்டு லயத்து வீட்டுப் படியிறங்கினேன்.

"எங்கம்மா கெளம்பிட்ட?" என்றார் அப்பா.

கண்டி பஸ்ஸுக்கு – என்று சொல்ல வந்து நின்றுவிட்டேன். அப்பா பையை வாங்கி உள்ளே வைத்தார்.

அக்டோபர் 11

பேராதனை கிடைத்திருக்கிறது. வெட்டுப்புள்ளியைப் பார்த்தேன், கொழும்பும் கிடைத்திருக்கும்.

"மாத்திக் கேளு. அம்மாவும் அதத்தானே சொன்னாங்க" என்றான் அண்ணன்.

நிரஞ்சன் சேரிடம் போனேன். "முதல் விருப்பமே கிடைச்சிருக்கு. என்ன காரணம் எழுதுவீங்க?" என்று கேட்டார்.

என்ன எழுத? அம்மா செத்துட்டாங்க, இனி அங்க எனக்கு வேல இல்லன்னா?

பெப்ரவரி 15

பேராதனையில் முதல் வாரம் முடிந்தது. அறிமுக வகுப்பில், ஏன் இந்தக் கெம்பஸ் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். வீட்டுக்குக் கிட்ட என்றேன்.

இன்று கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சண்முகவடிவு அக்காவுக்குக் கொடுக்கச் சொல்லி அப்பா தேயிலைப் பக்கற் ஒன்று தந்திருந்தார். அக்கா மெலிந்திருந்தார். மெஷினில் பூட்டிய கையை அசைக்காமல் மற்றக் கையால் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா லோயரம்மா? ஒங்கம்மா இந்த வார்ட்டுல ஒருத்தர விடல. எம் மக கொழும்ப விட்டுட்டு எம் பக்கத்துல வாறான்னு நேர்ஸ் மிஸிமாருக்கெல்லாம் சொல்லிச்சு. சிங்களத்துல வேற!"

"எங்கிட்ட கோவமால்ல இருந்தாங்க?"

"ஒங்கிட்ட அந்தப் பெருமைய எப்படிக் காட்டும்?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா தடுக்கவில்லை. மெஷின் நிற்கும்வரை பக்கத்தில் இருந்தேன். கூட்டிப்போக அவருக்கு யாரும் வரவில்லை. நான்தான் பஸ் நிலையம்வரை கைபிடித்துக் கூட்டிப்போய், தலவாக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.

"அடுத்த சனிக்கிழமையும் வருவியா?"

வர்றேன் என்றேன்.