சாவியோவின் மௌனமும் என் மகளும்

பிப்ரவரி 4, செவ்வாய்

இட்லிக்கு ஊறவைக்க மறந்துவிட்டேன். ஜீவிதாவின் உள்ளங்கை வீங்கியிருக்கிறது. "விழுந்துட்டேம்மா" என்கிறாள். விழுந்தால் கோடு கோடாகவா வீங்கும்?

பிப்ரவரி 5

அவளோடு ஏழாவது படிக்கும் பிரியதர்ஷினி சொல்லித்தான் தெரிந்தது. டீச்சரின் நாற்காலியில் யாரோ பசையைக் கொட்டியிருக்கிறார்கள். டீச்சரின் பட்டுப்புடவை பாழ். பின்பெஞ்சில் யாரோ "ஜீவிதாதான்" என்றார்களாம். இவள் வாயே திறக்கவில்லை. ஸ்கேலால் அடி. இன்றும் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள்.

"அந்தத் தெருப் பசங்க வேற எப்டி இருக்கும்?" என்றாராம் டீச்சர்.

எந்தத் தெரு? என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 6

"நீதான் செஞ்சியா?"

"இல்லம்மா."

"பின்ன ஏண்டி சும்மா நின்ன?"

வீங்கிய கையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "தோமினிக் சாவியோ மட்டும் சொன்னாரா?"

கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நான் சொன்ன புனிதர் கதை. கூடப் படித்தவர்கள் வகுப்பறை அடுப்பில் கல்லையும் குப்பையையும் அடைத்துவிட்டு, பழியைச் சிறுவன் சாவியோ மேல் போட்டார்கள். உண்மையைச் சொன்னால் செய்தவர்களைப் பள்ளியைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று இவன் திட்டை வாங்கிக்கொண்டான். "பிள்ளைகளே, நாமும் அப்படி இருக்கணும்" என்று உருகி உருகிச் சொன்னது நான்தானே.

செய்தவள் சுகாசினியாம். ஏற்கெனவே ஒருமுறை மாட்டியவள்.

"இன்னொரு வாட்டின்னா டிசிம்மா. அவங்கப்பா அப்புறம் படிக்க அனுப்ப மாட்டாரு, வீட்லயே வச்சிக்குவாரு."

புனிதர் மேலேயே கோபம் வருது. உனக்கு மறுநாளே உண்மை வெளிய வந்துடுச்சிப்பா. என் பொண்ணுக்கு?

பிப்ரவரி 7

"விடு, பொண்ணு நல்லதுதான செஞ்சிருக்குது" என்கிறார் என் வீட்டுக்காரர் அந்தோணி. அவர் தட்டில் நான் சோற்றை வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

"யாருன்னு உங்க பொண்ண சொல்லச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. டீச்சரும் பக்கத்தில் இருந்தார்.

"அது அவ இஷ்டம் மேடம். நான் கேக்க வந்தது வேற. நீ செஞ்சியான்னு அவள ஒரு வார்த்த கேட்டீங்களா? டீச்சர், நீங்க எந்தத் தெருன்னு சொன்னீங்க, என் எதிர்ல சொல்லுங்க."

டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் புடவை..." என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார்.

"புடவைக்கு டிசின்னா, புள்ள கைக்கு என்னா குடுப்பீங்க?"

குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும். அடித்ததையும் சொன்னதையும் புகாராக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சுகாசினியின் பெயரை எழுதவில்லை. எழுதணும் போலத்தான் இருந்தது, எழுதவில்லை.

பிப்ரவரி 12

சுகாசினி தானாகவே எழுந்து ஒப்புக்கொண்டாளாம். டிசி இல்லை. என் புகாருக்குப் பயந்துதான் இருக்கும். ஜீவிதாவிடம் டீச்சர் சொன்னது, "ம், உள்ள வந்து உக்காரு." அவ்வளவுதான். மன்னிப்பு? புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிப் பள்ளியிலிருந்து போன். முடியாது என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மறைக்கல்வியில் சாவியோ கதையை மறுபடி சொன்னேன். வாத்தியார் திட்டும் இடத்தில் நிறுத்தி, "அவர் ஏன் நல்லா விசாரிக்கல?" என்று கேட்டேன். முன்வரிசையில் ஒரு வாண்டு எழுந்தது.

"டீச்சர், சாவியோவோட அம்மா ஸ்கூலுக்குப் போயி சண்ட போட்டாங்களா?"

"புத்தகத்துல இல்லப்பா" என்றேன்.

ஜீவிதா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.